நடுவில் அமுங்கிய ஆப்பிள் கேக்

கால்ஃபீல்ட், மெல்பர்ன்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தமாருக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் தயவில் அப்பாவும் நானும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். எடின்பரோவில் நீயும் மாப்பிள்ளை நாதனும் வயிற்றில் இருக்கும் குட்டியும் நலமாக இருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டே இதை எழுதுகிறேன். கால் வீக்கம் வடிந்ததா என்று போன தடவை கேட்டதற்கு நீ பேச்சை மாற்றிவிட்டாய், அதனால் வடியவில்லை என்று எடுத்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் படுக்கும்போது காலுக்கு அடியில் தலையணை வை, ஊறுகாயைக் குறை, வார்டில் நின்றே வேலை பார்க்காதே. இங்கே குளிர் இறங்கிவிட்டது, முன்னால் நிற்கும் மரத்தில் இலையே இல்லை, அப்பா தினமும் கூட்டிக் கூட்டி இப்போது கூட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவருடைய முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. என் ரத்த அழுத்தம் பரவாயில்லை.

பஸ்கா பண்டிகை எப்படி நடந்தது என்று நீ போனில் கேட்டபோது நல்லபடியாக நடந்தது என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், எனக்கும் வாய் வரவில்லை. அதற்குப் பிறகு சூசி அத்தை உனக்குப் போன் செய்திருக்கிறாள். அண்ணனே ஆனாலும் நியாயம் நியாயம்தானே என்று அவளே என்னிடம் வந்து சொன்னாள். அன்றிலிருந்து நீ அப்பா கூப்பிட்டால் எடுப்பதில்லை. அவர் வெள்ளிக்கிழமை மெழுகுவத்தி ஏற்றுவதற்கு முன்னால் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போகிறார், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, அவளுக்கு வேலை நேரமாக இருக்கும் என்கிறார். அங்கே அப்போது காலை நேரம், உனக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, இரண்டும் எங்களுக்குத் தெரியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சூசி சொன்னது பொய் இல்லை. அவள் பார்த்ததைத்தான் சொன்னாள். முழுவதும் அவள் பார்க்கவில்லை.

உனக்கு ஏன் கோபம் வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன் அண்ணன் யோனா கிர்ஸ்டியைக் கட்டிக்கொண்டபோது அப்பா வரவில்லை. பதிவு அலுவலகத்தில் நம் பக்கத்தில் இருந்து நீயும் நானும் மட்டும் நின்றோம், யோனா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் இத்தனை வருஷமும் அப்பா அவளை வீட்டுக்குள் விட்டார், தட்டில் பரிமாறினார், ஹேசல் பிறந்த பிறகு குழந்தையைத் தோளிலிருந்து இறக்காமல் சுற்றினார், எல்லாம் உண்மை, ஆனால் வெளியாரிடம் அவளைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் யோனா வீட்டுப் பெண் என்பாரே தவிர ஒரு நாளும் மருமகள் என்று சொன்னதில்லை. நம் யூத ஜனத்தில் பிறக்காதவள் என்பதைத் தவிர அவளிடம் அவரால் குறை சொல்ல முடிந்ததே இல்லை. யோனா போன அக்டோபரில் சைக்கிளில் வேலைக்குப் போன வழியில் சிக்னலில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தான். நீ விமானத்தில் இருக்கும்போதே மண் போட்டு மூடும்படி ஆயிற்று. நீ வந்து சேர்ந்தபோது அப்பாவும் கிர்ஸ்டியும் துக்க வீட்டில் ஒரே தாழ்வான பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அதை நீயே பார்த்தாய்.

பண்டிகைக்கு முந்தின பகல் தலைச்சன் பிள்ளைகளுக்கு விரதம். அப்பாவும் தலைச்சன், யோனாவும் தலைச்சன். வருஷா வருஷம் விடியற்காலையில் இரண்டு பேரும் ஜெபாலயம் போய், அங்கே பாடம் படித்து முடிக்கிற விருந்தில் ஒரு துண்டு கேக்கைத் தின்று விரதத்தைத் தள்ளிவிட்டு, ஏதோ திருடிவிட்டு வருகிறவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டே வருவார்களே, இந்த வருஷம் அப்பா போகவில்லை. முழு விரதம் இருந்தார். பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. வயசானவங்களுக்குக் கட்டாயம் இல்லையே என்று சொன்னேன். "எகிப்துல தலைச்சன் பிள்ளைங்கள எடுத்த சாவு நம்ம வாசலைத் தாண்டிப் போச்சுன்னுதானே இந்த விரதம். இந்த வருஷம் எதுக்கு இருக்கேன்னு எனக்கே தெரியல வேரா, இருக்கேன், விடு" என்றார். பண்டிகை முடியும்வரை வீட்டில் புளித்த மாவு இருக்கக்கூடாதே, மிச்ச ரொட்டியைப் பின்புறம் பழைய பெயிண்ட் டப்பாவில் போட்டு எரிப்பது யோனாவின் வேலை. அதையும் அவரே செய்தார். காற்றில் தீக்குச்சி அணைந்துகொண்டே இருந்தது, நான் போய்க் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

பிற்பகலில் கிர்ஸ்டி வந்தாள். எனக்குக் கூடமாட உதவத்தான் சீக்கிரம் வந்தாள். ஹேசல் காரில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் சமையலறை ஜன்னலில் நின்று குயின்ஸ் பழத்துக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன், வெளிக்கதவு எனக்கு நேரே தெரியும். அவள் கையில் துணி போட்டு மூடிய பீங்கான் பாத்திரம். அப்பா கதவடியில் நின்று, கையில என்னம்மா என்று கேட்டார். ஆப்பிள் புட்டிங் என்றாள். மாவு போட்டதா என்றார். அவள் முகம் சட்டென்று வெளுத்துவிட்டது. மாவு, ஓட்ஸ், வெண்ணெய், மூன்றும் போட்டு யோனாவுக்கென்று அவள் செய்வாளே, அதே புட்டிங். வீடு முழுக்கத் துடைத்து, அலமாரி இடுக்கில் கிடந்த தூள்வரை எரித்து முடித்த நாளில் அதைக் கொண்டுவந்து நிற்கிறாள். அப்பா, "அங்கயே நில்லு. உள்ள கொண்டு வராத" என்று சொன்னார். குரல் கொஞ்சம் தடிப்பாகத்தான் இருந்தது, நாள் முழுக்கப் பேசாத குரல். அந்த நேரம் பார்த்து சூசி டாக்ஸியில் வந்து இறங்கினாள். அவர்களைத் தாண்டி உள்ளே வந்து, "உம் புருஷன் மாறவே மாட்டான் வேரா, கட்டினவனப் பறிகொடுத்து நிக்கிறவள வாசல்ல நிறுத்தி வச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு, தலைவலி என்று உன் பழைய அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் பார்த்தது அவ்வளவுதான்.

நான் கையைக்கூடத் துடைக்காமல் வெளியே போனேன். கிர்ஸ்டி அதே இடத்தில் அப்பாவைப் பார்த்தபடி நின்றாள். "மறந்தே போச்சு எமில். பண்டிகைன்னு தெரியும், மாவு ஆகாதுன்னும் தெரியும், இத்தன வருஷமா தெரியும். காலைல எந்திரிச்சேன், கை அதுபாட்டுக்குச் செஞ்சிருச்சு. இந்தக் கதவைப் பாத்தப்புறம்தான் ஞாபகம் வருது. போற வழியில குப்பையில கொட்டிடறேன்" என்றாள். அப்பா கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். "அவனுக்குன்னு செஞ்சத கொட்டுவியா? குடு இங்க" என்றார். நீங்க தொடலாமா என்று அவள் பின்வாங்கினாள். "இது என்னுது இல்ல, உன்னுது. நான் சும்மா சுமக்கறேன். சுமக்கக்கூடாதுன்னு யாரும் எழுதி வைக்கல" என்று சொல்லி, சூடு தாங்கத் தன் கோட்டின் கைகளை இழுத்து விட்டுக்கொண்டு பாத்திரத்தை வாங்கினார். நேரே பக்கத்து வீட்டுக்குப் போய்த் தட்டினார், லியோங் அம்மா கதவைத் திறந்தாள். தமார், அப்பா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "எங்களுக்குப் பண்டிகை, இது எங்க வீட்டுக்குள்ள வரக்கூடாது. எம் மருமக செஞ்சது. எம் பையனுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க." கிர்ஸ்டி எங்கள் வீட்டுச் சின்னச் சுவர்மேல் உட்கார்ந்துவிட்டாள். அந்த வார்த்தை அவள் காதிலும் விழுந்தது, என் காதிலும் விழுந்தது. அப்பா வெறுங்கையோடு திரும்பி வந்து எங்கள் இருவரையும் பார்க்காமல், குழந்தை காரில் வேர்க்கப்போகிறது, தூக்கிட்டு வாங்க என்றார்.

அப்புறம் நானும் அவளும் புதிதாக ஒன்று சுட உட்கார்ந்தோம். அவளுடைய அப்பாவின் தோட்டத்து ஆப்பிள் ஒரு பெட்டி அவள் காரில் இருந்தது, டாஸ்மேனியாவிலிருந்து புதிதாகப் பறித்து அனுப்பியது, கடித்தால் பல் கூசுகிற புளிப்பு. அதை மெல்லிசாக அரிந்தோம். அடுப்பில் போட்ட குயின்ஸ் அதற்குள் சர்க்கரையில் வெந்து சிவந்திருந்தது. புளிக்காத மாட்ஸா ரொட்டியைப் பொடித்த மாவு, பாதாம் பொடி, பட்டை, வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய். எழும்ப வைக்க முட்டை வெள்ளையைத் தவிர நமக்கு வேறு வழி ஏது, அதை அடிக்கிற வேலை யோனாவுடையது, இந்தத் தடவை கிர்ஸ்டி கையில் எடுத்தாள். நன்றாகத்தான் அடித்தாள், வெள்ளை வெளேரென்று கூர் நின்றது. அதை மாவில் சேர்க்க வேண்டிய சமயத்தில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "வேரா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நானும் ஹேசலும் ஊருக்குப் போறோம். அம்மா அப்பாகிட்ட. குளிர் முத்தறதுக்குள்ள" என்றாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அவள் ஆப்பிள் தோலை ஒவ்வொன்றாகச் சேர்த்து மேசை ஓரத்தில் குவித்தாள். "அந்த ரோட்டைத் தாண்டாம என்னால ஸ்கூலுக்குப் போக முடியல, வேலைக்குப் போக முடியல, ரொட்டி வாங்கப் போக முடியல. ஹேசல் தினமும் அந்த சிக்னல்கிட்ட வந்ததும் பேச்சை நிறுத்திடுது. நீங்க வேண்டான்னு போகல வேரா. நீங்க இல்லாம எப்படி இருக்கப்போறேன்னும் தெரியல" என்றாள்.

போகாதே என்று சொல்ல வாய் வரை வந்தது. அவன்தான் போய்விட்டான், அவன் கண் ஹேசலிடம் இருக்கிறது, அதையும் எடுத்துக்கொண்டு கடல் தாண்டிப் போகிறாயே என்று கேட்கத் தோன்றியது. நீ எடின்பரோ போன அன்றும் எனக்கு இப்படித்தான் கேட்கத் தோன்றியது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், இரண்டு பேர் கையிலும் சர்க்கரைப் பிசின், அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றோம். எப்போது வந்தார் என்று தெரியவில்லை, அப்பா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார், கேட்டிருக்கிறார். "அங்க குளிர் ஜாஸ்தி. பிள்ளைக்கு நல்ல கோட் இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது முட்டை வெள்ளை தளர்ந்து அடியில் தண்ணீர் விட்டிருந்தது. வேறு முட்டை இல்லை, இருந்ததையெல்லாம் விருந்துக்கு வேகவைத்திருந்தேன். அதையே சேர்த்து ஓவனில் வைத்தோம். வெளியே எடுத்தபோது ஓரமெல்லாம் பொன்னிறம், நடுவில் பள்ளம்.

அன்றிரவு பண்டிகை விருந்துக்கு நாங்கள் மட்டும்தான், யாரையும் கூப்பிடவில்லை. யோனாவின் நாற்காலியை எடுப்பதா விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை, சூசி அதில் தன் சால்வையைப் போட்டாள், அதுவும் நல்லதுதான். சின்னப் பிள்ளை கேட்க வேண்டிய பண்டிகைக் கேள்விகளை ஹேசல் கேட்டது, கிர்ஸ்டி சொல்லிக்கொடுத்திருக்கிறாள், ஒரு எழுத்து பிசகவில்லை. அப்பா பண்டிகைப் புத்தகத்திலிருந்து பதில் படித்துக்கொண்டே வந்தார், சின்னப் பிள்ளைக்குப் புரியட்டும் என்று நடுவில் கதையும் சொன்னார். பிறகு எகிப்துக்கு வந்த வாதைகள். ஒவ்வொன்றுக்கும் விரலை மதுவில் தொட்டுத் தட்டில் ஒரு சொட்டு. ரத்தம், தவளை, பேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் இருள் வரைக்கும் வந்தார். அடுத்தது தலைச்சன்களின் சாவு. அவர் புத்தகத்தைப் பார்த்தார், நாங்கள் எல்லோரும் விரலை மதுவில் வைத்தபடி காத்திருந்தோம். அவர் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனார். கிர்ஸ்டியோடு ஒரே மேசையில் உட்காரப் பிடிக்காமல் எழுந்து போனார் என்று சூசி உன்னிடம் சொல்லியிருப்பாள். அவள் மேசையை விட்டு நகரவில்லை, அவளுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

கிர்ஸ்டி அவர் பின்னால் போனாள். நான் நடையில் நின்றேன், உள்ளே போகவில்லை. அப்பா கேக்கை மூடியிருந்த துணியை எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னால அதைப் படிக்க ஆகலம்மா. வருஷா வருஷம் படிச்சிருக்கேன், அது அவங்களுக்கு வந்ததுன்னு. அந்த எகிப்தியன் வீட்லயும் ஒரு அப்பன் உக்காந்திருந்திருப்பான்ல" என்றார். கிர்ஸ்டி இழுப்பறையிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். உன் அப்பா, தமார், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் ஒரு பாதாம் பருப்பை வாயில் போட்டதற்காக யோனாவை மேசையை விட்டு எழுப்பியவர், அந்தக் கேக்கின் பள்ளத்தில் கரண்டியை விட்டுத் தின்றார். நாள் முழுக்கக் காய்ந்த வயிறு. அவளும் தின்றாள். எப்படி இருக்கு என்று கேட்டாள். "எகிப்துல நாங்க அறுத்த செங்கல் மாதிரி இருக்கு" என்றார். வருஷா வருஷம் என் கேக்கை யோனா சொல்லி என்னை அழ வைக்கிற கேலி அது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு நடுவில் உடைந்து அழுகையாகிவிட்டது, அப்பாவும் அழுதார். அடக்கம் பண்ணிய அன்றும் அவர் அழுது நான் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து கிர்ஸ்டி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் படிக்கட்டுமா? உங்க எழுத்து எனக்குத் தெரியாது, பக்கத்துப் பக்கத்துல இங்கிலீஷ்ல இருக்கே, அதைப் படிக்கறேன்" என்றாள். இருவரும் திரும்பி வந்தார்கள். அவள் நின்றுகொண்டே அந்த வரியைப் படித்தாள். அப்பா விரலை மதுவில் நனைத்துச் சொட்டு விட்டார்.

போன திங்கட்கிழமை அவர்கள் கப்பல் ஏறினார்கள். கீலாங் துறைவரை நாங்களும் போனோம். முந்தின நாள் முழுக்க அப்பா அவள் காருக்கு எண்ணெய் பார்த்து, சக்கரத்துக்குக் காற்று அடித்து, சாமான்களைத் தானே அடுக்கி, அடுக்கியதைப் பிரித்து மறுபடி அடுக்கினார். ஹேசல் கிளம்பும் வரைக்கும் நன்றாக விளையாடியது. கார் வரிசையில் நகர ஆரம்பித்ததும் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டது. அடுத்த பஸ்காவுக்கு நீங்க அங்க வாங்க எமில், ஆப்பிள் பறிக்கிற நேரமா இருக்கும் என்று கிர்ஸ்டி சொன்னாள். அப்பா தலையை ஆட்டினார், ஆமாம் என்றா பார்க்கலாம் என்றா என்று தெரியவில்லை. கப்பல் கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை நின்றோம். திரும்பி வந்து வீட்டு வாசலில் கார் நின்ற பிறகு அப்பா, அந்த ஊர்ல நம்ம முறைப்படி அறுத்த கோழி கிடைக்குமா என்று கேட்டார். தெரியாது, நாமே இங்கிருந்து எடுத்துக்கிட்டுப் போகலாம் என்றேன். இப்போது வீட்டில் சத்தமே இல்லை. பின்கட்டில் ஹேசலின் ரப்பர் பூட்ஸ் கிடக்கிறது, சின்னதாகிவிட்டது, அதனால் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நீ அப்பாவிடம் மன்னிப்புக் கேள் என்று நான் சொல்லவில்லை. இதையெல்லாம் உனக்கு எழுதினேன் என்று அவருக்குத் தெரியவும் வேண்டாம். அவர் தன்னைப் பற்றி உன்னிடம் எதையும் விளக்கப் போவதில்லை. வெள்ளிக்கிழமை போனை எடு, அவ்வளவுதான். பேச ஒன்றும் இல்லாவிட்டால் கால் வீக்கத்தைப் பற்றிப் பேசு, என்ன மருந்து சாப்பிடலாம் என்று அவர் உனக்கே பாடம் எடுப்பார், எடுக்கட்டும். கிர்ஸ்டிக்கும் போன் செய். நாத்தனார் என்று ஒருத்தி இருக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றட்டும். பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்பது உன் இஷ்டமும் மாப்பிள்ளை இஷ்டமும், நான் அதில் வாயைத் திறக்கமாட்டேன். ஆகஸ்டில் நான் மட்டும் வருகிறேன், டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், அப்பா இங்கே இருக்கட்டும், யோனாவின் கல்லறையில் கல் நாட்டுகிற வேலை இருக்கிறது.

அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. வருஷம் முடிவதற்குள் கல் நாட்ட வேண்டும் இல்லையா, வியாழக்கிழமை கல் வெட்டுகிறவர் வீட்டுக்கு வந்திருந்தார். என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். வழக்கமாக இன்னாருடைய மகன் என்றுதான் ஆரம்பிப்பார்கள், அப்படியே எழுதிக்கொள்ளட்டுமா என்றார். அப்பா கிர்ஸ்டி என்கிற பெயரை எபிரேய எழுத்தில் எப்படி எழுதுவது என்று அவரிடம் கேட்டார். அந்த மனிதர் கொஞ்சம் தயங்கினார், அப்பா, யார் பெண், என்ன ஜனம் என்றெல்லாம் பேச்சை வளர்க்கவில்லை. பேனாவை வாங்கித் தானே எழுத்து எழுத்தாக எழுதிக் காட்டினார், ஒரு எழுத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். கிர்ஸ்டியின் கணவன். அதற்குக் கீழே ஹேசலின் தகப்பன். அதற்குக் கீழே தமாரின் அண்ணன். "முதல்ல அவங்க மூணு பேரும். எங்க பேரு கடைசில இருந்தா போதும், இடம் இல்லன்னா விட்டுடுங்க" என்றார்.

நீயும் மாப்பிள்ளையும் பிறக்கப்போகும் செல்வமும் நீண்ட ஆயுசோடும் அமைதியோடும் இருக்க ஆண்டவர் உங்கள்மேல் கண் வைத்திருக்கட்டும். இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே, காபியோடு சேர்த்து விழுங்காதே. வெள்ளிக்கிழமை, உங்கள் ஊரில் காலை.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும்
அம்மா வேரா